நுண்கணிதத்துக்கு ஆசிரியர் தேடும் பிள்ளைகளுக்கு

பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் ஒன்பதாவது பாடமாக எல்லையும் தொடர்ச்சியும் வருகின்றன. அடுத்தது வகையிடல், அதற்கடுத்தது தொகையிடல். பிளஸ் டூ புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைத் திறந்தால் முதல் நான்கு பாடங்களும் நுண்கணிதம்தான். பொறியியலில் சேர்ந்தாலும் இது விடாது: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத்தின் ஐந்து யூனிட்டில் நான்கு கால்குலஸாக இருந்தன. ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்தின் மேல் ஏறி நிற்கிறது. அதனால்தான் பதினாறு வயதில் எல்லைப் பாடத்தில் தடுக்கிய பிள்ளை, கல்லூரி அரியர் வரைக்கும் அதே இடத்தில் தடுக்குகிறது.

மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். “சார், கால்குலஸுக்கு நல்ல டியூஷனா ஒண்ணு சொல்லுங்க” என்று பிள்ளைகளும் பெற்றோரும் இன்றைக்கும் கேட்டு வருகிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் எதைப் பார்த்துச் சேர வேண்டும், சேர்ந்தபின் எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரியாமல் போனால் காசும் மாலைப்பொழுதும்தான் கரையும். என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் பெரிய விஷயம் ஒன்றே: நீ கணக்குப் போடுவதை உட்கார்ந்து பார்க்கிற ஆசிரியரைத் தேடு. அவர் போடுவதை நீ பார்த்துக்கொண்டிருக்கிற இடம் உனக்கு உதவாது. கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

1. எங்கே தடுக்கிறது என்று முதலில் பார்

“கால்குலஸ் புரியலை” என்று வருகிற பிள்ளைகளில் பலருக்குத் தடுக்குவது கால்குலஸ் இல்லை. அதற்குக் கீழே இருக்கிற இயற்கணிதம். டியூஷன் தேடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல் இந்த ஐந்தையும் செய்து பார்.

முதலாவது: எக்ஸின் வர்க்கத்தோடு மூன்று எக்ஸைக் கூட்டிய சார்பில், எக்ஸ் இருக்கும் இடத்தில் ‘எக்ஸ் கூட்டல் ஹெச்’சைப் போட்டு விரித்து எழுது. இரண்டாவது: ‘எக்ஸ் கூட்டல் ஹெச்’சின் தலைகீழியிலிருந்து எக்ஸின் தலைகீழியைக் கழித்து ஒரே பின்னமாக்கு. மூன்றாவது: ‘எக்ஸ் கூட்டல் ஹெச்’சின் வர்க்கமூலத்திலிருந்து எக்ஸின் வர்க்கமூலத்தைக் கழித்து, அதன் இணைக் கோவையால் பெருக்கிச் சுருக்கு. நான்காவது: இரண்டு கோணங்களின் கூடுதலுக்கு சைன் மதிப்பை விரித்து எழுது. ஐந்தாவது: ஒய் சமம் எக்ஸ் வர்க்கம் என்ற வளைவரையை வரைந்து, அதன்மேல் எக்ஸ் மதிப்பு 1 ஆகவும் 3 ஆகவும் உள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வைக் கண்டுபிடி. விடை 4 வர வேண்டும்.

முதல் கொள்கையிலிருந்து வகைக்கெழு காணும்போது நீ செய்யப்போகிற வேலை முழுக்க இந்த ஐந்துக்குள் இருக்கிறது. இவற்றில் இரண்டு மூன்று தவறினால், ஆசிரியரிடம் போன முதல் நாளே அதைச் சொல்லிவிடு. “சார், எனக்குப் பின்னத்தைச் சுருக்குவதிலேயே தகராறு, அதிலிருந்து தொடங்குங்க” என்று சொல்கிற பிள்ளைக்குச் சில வாரங்களில் வழி திறந்துவிடும். சொல்லாமல் மறைக்கிற பிள்ளை, வருஷம் முழுக்கத் தன்னைக் கால்குலஸ் வராத பிள்ளை என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

2. எதற்காகக் கற்கிறாய் என்று தெளிவாகச் சொல்

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு ஒரு வகை ஆசிரியர், ஜேஇஇ போன்ற நுழைவுத்தேர்வுக்கு ஒரு வகை, முதல் செமஸ்டர் அரியரை முடிக்க இன்னொரு வகை. பொதுத்தேர்வில் படிப்படியாக எழுதிக் காட்டுவதற்கு மதிப்பெண் உண்டு. நுழைவுத்தேர்வில் ஒரே கணக்குக்குள் இரண்டு மூன்று பாடங்கள் கலந்து வரும், நேரமும் குறைவு. கல்லூரியிலோ பல மாறிகள் கொண்ட சார்புகளும் இரட்டைத் தொகையீடும் வந்துவிடும். அதைப் பள்ளிக் கணக்கு மட்டும் நடத்திப் பழகியவர் மறந்தே போயிருக்கலாம்.

இவற்றில் எது உனக்குத் தேவை என்று ஒரு வரியில் எழுதிக்கொண்டு போ. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித் தருகிறோம் என்கிற இடத்தில் உன் தேவைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவார்கள் என்று கேள்.

3. காசு கொடுக்கும் முன் காசில்லாமல் கிடைப்பதைக் கேள்

உன் வகுப்பு ஆசிரியரிடம் தனியாகப் போய்ச் சந்தேகம் கேட்டிருக்கிறாயா? பல பிள்ளைகள் கேட்டதே இல்லை. வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால், இடைவேளையில் நோட்டோடு ஆசிரியர் அறைக்குப் போ. “புரியலை” என்று மட்டும் சொல்லாதே. நீ போட்டு நின்றுபோன கணக்கைத் திறந்து, “இந்த வரி வரைக்கும் வந்தேன், அடுத்த வரி எப்படி வந்தது?” என்று கேள். அப்படிக் கேட்கிற பிள்ளையை விரட்டுகிற கணித ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர் காசு வாங்கிக்கொண்டு டியூஷன் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே “வீட்டுக்கு வரட்டுமா சார்” என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தாதே. பள்ளியிலேயே நேரம் கேள்.

பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடிஇஎல் பாடங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் கான் அகாடமியில் அடிப்படையிலிருந்து பார்க்கலாம். விளக்கம் கேட்பதற்கு இவை போதும். ஆனால் உன் நோட்டில் நீ செய்த பிழையை எந்த வீடியோவும் பார்க்காது. அந்த ஒரு வேலைக்குத்தான் ஆள் தேவை. காசு கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கொடு.

4. பேனரைப் பார்க்காதே, தேறி வந்த பிள்ளையைக் கேள்

ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் நிற்கும். சென்டம் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பிள்ளைகள் சேரும்போது என்ன மார்க்கோடு சேர்ந்தார்கள் என்பது அதில் இருக்காது. தொண்ணூறில் சேர்ந்து நூறு வாங்கியவரைவிட, முப்பதில் சேர்ந்து எழுபது வாங்கிய பிள்ளைதான் உனக்குச் சரியான சாட்சி. அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, “அங்கே உன் நோட்டை யாராவது பார்த்தார்களா?” என்று கேள்.

ஆசிரியர் கிடைக்கும் இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. உன்னைவிட இரண்டு மூன்று வருஷம் மூத்த, கணக்கில் தெளிவான அண்ணன் அக்காக்கள். பக்கத்துக் கலைக்கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் படிப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். எம்.எஸ்சி. பிள்ளைகளிடம் ஒரு நன்மை உண்டு. தாங்கள் குழம்பிய இடம் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

5. பெரிய அறிவாளி எல்லோருக்கும் நல்ல டியூஷன் ஆசிரியர் ஆகிவிட மாட்டார்

1910-ஐ ஒட்டிய காலத்தில், கல்லூரிப் படிப்பும் முடியாமல் வேலையும் கிடைக்காமல் இருந்த சீனிவாச ராமானுஜன் மாணவர்களுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். பி.ஏ. தேர்வுக்காக அவரிடம் வகை நுண்கணிதம் கற்க வந்த ஒரு மாணவர் கொஞ்ச நாளிலேயே நின்றுவிட்டார். ராமானுஜன் முடிவிலியைப் பற்றியும் நுண்ணிகளைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தார், அது தேர்வுக்கு உதவும் என்று தோன்றவில்லை என்று அந்த மாணவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதில் இருவர் மேலும் பிழையில்லை. ராமானுஜனுடைய மனம் அலைந்த உயரம் வேறு. தேர்வை எதிரே வைத்துக்கொண்டு அந்த மாணவர் கேட்டது வேறு. உலகம் கண்ட மாமேதை ஒருவரே ஒரு மாணவருக்குப் பொருந்தாமல் போனார் என்றால், பட்டத்தையும் பதவியையும் மட்டும் பார்த்து ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. பெரிய பட்டம் இருந்தால் மதித்து வணங்கு. உன் கேள்விக்கு இறங்கி வந்து பதில் சொல்கிறாரா என்று பார்த்துச் சேர்.

6. சேரும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார், இரண்டு கேள்வி கேள்

முதல் கேள்வி: “வகைக்கெழு என்றால் என்ன சார்?” அடுக்கை முன்னால் கொண்டுவந்து ஒன்றைக் குறைக்கிற வாய்ப்பாட்டை உடனே சொல்லி முடித்துவிட்டால் கொஞ்சம் யோசி. வளைவரை ஒன்றை வரைந்து, இரண்டு புள்ளிகளை இணைத்து, ஒரு புள்ளியை மற்றதை நோக்கி நகர்த்தி, அந்தக் கோடு தொடுகோடாக மாறுவதைக் காட்டினால் அவரை விடாதே. பேருந்தின் வேகமானி ஒரு கணத்தில் எதைக் காட்டுகிறது என்று தொடங்கினாலும் சரிதான்.

இரண்டாவது கேள்வி: “பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று சின்ன வகுப்பிலிருந்து சொல்கிறார்கள். இங்கே ஹெச்சால் வகுக்கிறோம், பிறகு அதே ஹெச்சைப் பூச்சியம் என்கிறோம். எப்படி?” இந்தச் சந்தேகம் உனக்கு இதுவரை வராவிட்டாலும் கேள். வந்திருந்தால் பெருமைப்படு. 1734-இல் அயர்லாந்து பிஷப் ஜார்ஜ் பெர்க்லி, நியூட்டனின் முறையை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். வகுக்கும்போது பூச்சியமில்லை என்கிறீர்கள், வகுத்து முடித்ததும் பூச்சியம் என்று தூக்கி எறிகிறீர்கள், இது என்ன நியாயம் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அவர் கேட்டது சரியான கேள்வி. எல்லை என்ற கருத்தை முறையாக வைத்து அதற்குப் பதில் கட்டும் வேலை, 1821-இல் பிரான்சில் கோஷி வெளியிட்ட பாடநூலில்தான் உருப்பெறத் தொடங்கியது. இடையில் எண்பத்தேழு ஆண்டுகள். கணித மேதைகளுக்கே அவ்வளவு காலம் பிடித்த கேள்வி உனக்கு ஒரு பீரியடில் தெளியாவிட்டால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நல்ல ஆசிரியரின் முகம் மலரும். ஹெச் பூச்சியமாகவே ஆகிவிடுவதில்லை, பூச்சியத்தை நெருங்குகிறது, நெருங்கும்போது அந்த விகிதம் எந்த மதிப்பை நோக்கிப் போகிறது என்பதைத்தான் கேட்கிறோம் என்று எண்களைப் போட்டுக் காட்டுவார். ஹெச்சுக்கு 0.1, 0.01, 0.001 என்று போட்டு உன்னையே கணக்கிடச் சொல்வார். “அதெல்லாம் பரீட்சைக்கு வராது” என்று நகர்ந்துபோகிற இடத்தில் காசு கட்டாதே.

7. பேனா யார் கையில் இருக்கிறது என்று கவனி

நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கும் அறிவுரை இது. இதற்குச் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

1720-இல் பதின்மூன்று வயதில் லியோன்ஹார்ட் ஆய்லர் பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் யோகான் பெர்னூலி, அந்தக் காலத்தில் நுண்கணிதம் தெரிந்த மிகச் சிலரில் ஒருவர். தனிப்பாடம் எடுக்கும்படி சிறுவன் கேட்டான். நேரமில்லை என்று பெர்னூலி மறுத்துவிட்டார். ஆனால் மறுத்ததோடு விடவில்லை. கடினமான புத்தகங்களை நீயே எடுத்துப் படி, எங்கே தடுக்கிறதோ அதைக் குறித்துக்கொள், சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேள் என்றார். வாரம் முழுக்கத் தானே முட்டி மோதிப் படித்துவிட்டு, தடுக்கிய இடங்களோடு ஆய்லர் சனிக்கிழமைகளில் அவரிடம் போனார். ஒரு தடையை அவர் விலக்கிக் கொடுத்தால் அதோடு சேர்ந்து இன்னும் பத்துத் தடைகள் தாமே விலகின என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் ஆய்லர் சொல்லியிருக்கிறார். கணிதத்தில் முன்னேற இதைவிடச் சிறந்த வழியில்லை என்பது அவர் கருத்து.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பார். வாரம் ஒருநாள்தான். படித்ததும் போட்டுப் பார்த்ததும் மாணவன். ஆசிரியர் செய்தது, தடுக்கிய இடத்தைப் பார்த்து விலக்கியது மட்டும். இப்போது நம் ஊர் டியூஷனைப் பார். வாரத்தில் ஐந்து நாள். ஆசிரியர் போர்டில் கணக்கைப் போட்டுக்கொண்டே போகிறார். பிள்ளைகள் எழுதி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்து அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால் மூன்றாவது வரியில் கை நிற்கும்.

ஆகவே சோதனை வகுப்பில் இதை மட்டும் கவனி: ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் உன் கையில் பேனா இருந்தது? பாதி நேரமாவது இருக்க வேண்டும். நீ தவறான வரியை எழுதும்போது உடனே பிடுங்கிச் சரியான வரியை எழுதுகிறாரா, “இந்த வரி எப்படி வந்தது, சொல்லு” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரா? காத்திருக்கிற பொறுமைதான் டியூஷன் ஆசிரியருக்கு வேண்டிய முதல் தகுதி.

8. எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று கேள்

1984-இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒருவருக்கு ஒருவராகக் கற்ற பிள்ளைகளில் நடுத்தரமானவர், வழக்கமான வகுப்பில் கற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரைத் தாண்டி நின்றார் என்று அதில் சொன்னார். பிற்பாடு வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை. ஆனால் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. புளூமின் முறையில் அடிக்கடி சின்னத் தேர்வு வைத்து, பிழையைத் திருத்திய பிறகே அடுத்த பாடத்துக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வை.

தனி டியூஷனுக்கு எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. நாலைந்து பேர் கொண்ட பேட்ச் போதும். பத்துப் பேரைத் தாண்டினால் உன் நோட்டைப் பார்க்க ஆசிரியருக்கு நேரமிருக்காது. நாற்பது பேர் உட்காரும் ஹாலில் நடப்பது இன்னொரு வகுப்பு; பள்ளியில் புரியாதது அங்கேயும் அநேகமாகப் புரியாது.

ஆன்லைனில் கற்பதானால் உன் முகத்தைவிட உன் நோட்டு அவருக்குத் தெரிய வேண்டும். செல்போனை ஸ்டாண்டில் வைத்துத் தாளை நோக்கித் திருப்பிவிட்டு அதில் போட்டுக் காட்டு. இதற்குச் சம்மதிக்காத ஆன்லைன் வகுப்பு வீடியோவுக்குச் சமம்.

9. பெற்றோருக்கு: பணத்தையும் பாதுகாப்பையும் முதலிலேயே பேசிவிடுங்கள்

மாதாமாதம் கொடுக்கும் ஏற்பாடாகப் பேசுங்கள். வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பணிவாகச் சொல்லுங்கள். ஆசிரியர் வராத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா, பரீட்சைக்கு முந்தைய விடுமுறையில் வருவாரா என்பதையெல்லாம் முதல் நாளே கேட்பதில் தவறில்லை. பேசிய தொகையைத் தேதி தவறாமல் கொடுத்துவிடுங்கள். கல்லூரிப் பிள்ளை சொல்லிக்கொடுத்தாலும் அது அவருடைய உழைப்பு.

பெரிய கோச்சிங் சென்டர்களுக்கு ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, ரேங்க் வாங்கித் தருவோம் என்று உறுதி சொல்லி ஆள் பிடிக்கக் கூடாது, முழுப்பணம் கட்டிய பிள்ளை பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான தொகையைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ரசீது வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பவராக இருந்தால் கூடத்தில் உட்காரச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். ஆசிரியர் வீட்டுக்குப் பிள்ளை போவதானால் முதல் தடவை நீங்களும் போய் இடத்தைப் பாருங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இது பொருந்தும். நல்ல ஆசிரியர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவரே எதிர்பார்ப்பார்.

10. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு

பள்ளியில் தமிழ் வழியில் நன்றாகப் போட்ட பிள்ளை, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தைக் கேட்டு மிரண்டு கணக்கே தெரியாதவர் போல் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உனக்குத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதவைக்கிற ஆசிரியர் தேவை. வகைக்கெழு, தொகையீடு, எல்லை, சார்பு, சங்கிலி விதி என்று உனக்குத் தெரிந்த சொற்களுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதி ஒரு பக்கம் தயார் செய். இரண்டு மொழிப் பாடநூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அந்தப் பட்டியல் கிடைத்துவிடும். கணக்கு நீ ஏற்கெனவே போட்ட அதே கணக்குத்தான். அதை உனக்கு நினைவூட்டுகிற ஆசிரியர் பாதி பயத்தைப் போக்கிவிடுவார்.

11. குறுக்குவழிக்குக் காரணம் கேள்

பிளஸ் டூவில் லோபிதாலின் விதி வரும். அந்த விதிக்கே டியூஷன் சம்பந்தம் உண்டு. லோபிதால் என்கிற பிரெஞ்சுப் பிரபு, நான் மேலே சொன்ன அதே பெர்னூலியிடம் 1691-92-இல் காசு கொடுத்து நுண்கணிதம் கற்றார். 1694-இல் ஆண்டுக்கு 300 லிவ்ர் தருவதாகவும், பதிலுக்கு பெர்னூலி தன் கண்டுபிடிப்புகளை லோபிதாலுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்றும் ஒப்பந்தம் பேசிக்கொண்டார். 1696-இல் லோபிதால் வெளியிட்ட நூல்தான் வகை நுண்கணிதத்தின் முதல் அச்சுப் பாடநூல். பெர்னூலி கண்ட விதி அதன் வழியாக லோபிதாலின் பெயரில் நிலைத்துவிட்டது.

இன்றைக்கு அந்த விதிதான் டியூஷன்களில் அதிகம் தவறாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. மேலேயும் கீழேயும் வகையிட்டுவிட்டு மதிப்பைப் போடு என்று சொல்லி அனுப்புகிறார்கள். பூச்சியத்தின் கீழ் பூச்சியம் அல்லது முடிவிலியின் கீழ் முடிவிலி என்ற தேறப்பெறா வடிவம் வந்தால்தான் அதைத் தொடலாம் என்பதைச் சொல்வதில்லை. வேறு இடத்தில் போட்டால் தப்பான விடை வரும். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது மதிப்பு 1 என்பதை இந்த விதியால் நிறுவிவிட்டதாகச் சொல்வதும் உண்டு. ஆனால் சைனின் வகைக்கெழுவைக் கண்டுபிடிக்கவே அந்த எல்லை மதிப்பு தேவைப்படுகிறதே! நிறுவ வேண்டியதையே எடுத்து வைத்துக்கொண்டு நிறுவுவது எப்படி நிரூபணம் ஆகும்?

குறுக்குவழியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நுழைவுத்தேர்வில் அதற்கு இடமுண்டு. ஆனால் ஒவ்வொரு குறுக்குவழிக்கும் “எப்போது இதைப் போடக் கூடாது சார்?” என்று கேள். அதற்குப் பதில் தெரிந்தவரிடம் மட்டும் குறுக்குவழியைக் கற்றுக்கொள்.

12. வகுப்புக்குப் போகும் முன்னும் வந்த பின்னும்

டியூஷனில் உட்காரும் ஒரு மணி நேரத்துக்கு, தனியாக இரண்டு மணி நேரம் வீட்டில் உட்காரத் தயாராக இரு. அது முடியாதென்றால் டியூஷன் நாட்களைக் குறைத்துக்கொள்.

போகும் முன், அடுத்த பயிற்சியிலிருந்து நாலு கணக்காவது போட்டுப் பார். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு. அதைக் காட்டிக் கேள். வந்த பின், மறுநாள் நோட்டை மூடிவைத்துவிட்டு அதே கணக்கை மறுபடி போடு. நேற்றுப் புரிந்தது இன்றைக்கும் கையில் வருகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பிழைகளுக்கு ஒரு தனி நோட்டு வை. கணக்கு, நான் செய்த பிழை, ஏன் செய்தேன் என்று மூன்று கட்டம் போதும். ஒரு மாதத்தில் உனக்கே ஒன்று தெரியவரும்: உன் பிழைகள் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். குறியை விடுவது, சங்கிலி விதியில் உள்ளே இருப்பதை வகையிட மறப்பது, தொகையிட்டபின் மாறிலியை எழுதாமல் விடுவது, பிரதியிட்ட பிறகு எல்லைகளை மாற்ற மறப்பது. இவற்றைத் திருத்தினாலே மார்க் ஏறிவிடும். அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிற ஆசிரியர் கிடைத்தால் நீ கொடுத்துவைத்த பிள்ளை.

13. விலக வேண்டிய இடத்தில் விலகு

இரண்டு மாதம் உண்மையாக உழைத்தும், புத்தகத்தில் இதுவரை பார்க்காத கணக்கு ஒன்றைத் தனியாகத் தொடங்கக்கூட முடியவில்லை என்றால் அந்த டியூஷன் உனக்குப் பொருந்தவில்லை. முக்கிய வினாக்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் விலகு. பிளஸ் ஒன் பாடத்தை முடிக்காமல் பிளஸ் டூவுக்குத் தாவினால் விலகு. அடித்தளமில்லாத வேகம் கால்குலஸில் நிற்காது. பிழை செய்ததற்காக நாலு பேர் முன்னால் மட்டம் தட்டினால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டு விலகு. அவமானப்பட்ட பிள்ளை அடுத்த சந்தேகத்தைக் கேட்காது. கேட்காத பிள்ளைக்குக் கணிதம் வராது.

விலகும்போது சொல்லாமல் நின்றுவிடாதே. நேரில் போய், “சார், வேறு மாதிரி படித்துப் பார்க்கிறேன்” என்று சொல்லி, பாக்கியைக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வா.

14. டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைகளுக்கு

மூன்று நண்பர்கள் சேருங்கள். வாரத்தில் இரண்டு மாலை ஓரிடத்தில் உட்காருங்கள். பயிற்சியில் ஆளுக்கு இரண்டு கணக்கை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க, தெரியாதவர் போட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் “ஏன்?” என்று கேளுங்கள். மூவரும் சேர்ந்தும் அவிழாத கணக்குகளைத் தனியே எழுதி வைத்து, வாரக் கடைசியில் பள்ளி ஆசிரியரிடமோ பக்கத்துக் கல்லூரி அண்ணனிடமோ மொத்தமாகக் கொண்டுபோங்கள். தெளிவாக எழுதப்பட்ட ஐந்து கேள்விகளோடு வருகிற மூன்று பிள்ளைகளைப் பார்த்தால் எந்தக் கணித ஆசிரியருக்கும் மனம் இளகும். ஆய்லருக்குக் கிடைத்த சனிக்கிழமை இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

15. எப்போது நிறுத்துவது

டியூஷனுக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். யாரும் போட்டுக் காட்டாத ஒரு பயிற்சியை நீயே எடுத்து, பத்தில் ஏழு கணக்கை உதவியில்லாமல் முடித்து, மீதி மூன்றில் எங்கே நின்றாய் என்று உன்னாலேயே சொல்ல முடிந்தால், வாரத்தில் ஒருநாளாகக் குறைத்துக்கொள். அப்புறம் மாதத்தில் ஒருநாள். ஆசிரியரிடம் இதைச் சொன்னால் அவர் வருத்தப்பட மாட்டார். வருத்தப்பட்டால் அவருக்கு உன் கட்டணம்தான் பெரிதாக இருந்திருக்கிறது. நுண்கணிதம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் இயற்பியலிலும் பொறியியலிலும் பொருளியலிலும் உன்னோடு வரும். அதற்காகக் கொஞ்ச காலம் ஒரு நல்ல மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது தகும். தேடு, கேள், சோதித்துப் பார்த்துச் சேர். சேர்ந்தபின் பேனாவை மட்டும் யாரிடமும் கொடுக்காதே.